ஏம்பலத்தில் நடந்த சர் ரால்ஃபின் கருமாதி

சரித்திரம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாருடைய பெயரை எழுதினாலும், பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அவர் பிறந்த வருஷத்தையும் செத்த வருஷத்தையும் எழுதாவிட்டால் கை அரிக்கும். எனக்கு எம்.ஏ. முதல் வருஷத்திலேயே அது முற்றிவிட்டது. (அத்தை மகன் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்க்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு சின்னக் கோடு இழுத்து, அதற்கு அடுத்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். அத்தை இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.)

இந்த வியாதியால்தான் ஒரு நல்ல மனிதரை, அவர் கல்லுக்குண்டாட்டம் உயிரோடு இருக்கும்போதே, ஊரைக் கூட்டி மேளம் அடித்துச் சாகடித்தேன்.

படிப்பு முடிந்து நான் எங்கள் ஊரான ஏம்பலத்தில் வீட்டோடு இருந்த காலம் அது. புதுச்சேரி டவுனில் ஒரு சின்ன கம்பெனி இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்களுடைய வம்சத்தைத் தேடிக் கொடுப்பது அவர்கள் தொழில். நம்மூரில் கல்யாணத்துக்கு மூன்று தலைமுறை விசாரித்தால் போதும். வெள்ளைக்காரர்களுக்கு இருபது தலைமுறை வேண்டும். பழைய பதிவுகளை எல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றை உட்கார்ந்து படிக்கப் பொறுமை உள்ள ஆள்தான் அங்கே கிடைப்பதில்லை போலிருக்கிறது. பொறுமை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாத என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தே வேலை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் எனக்குக் கொடுத்திருந்த பட்டம், ‘இடைக்கால நிலவுடைமை மூத்த நிபுணர்’. அந்த மூத்த நிபுணருக்கு வயது இருபத்து மூன்று. நிபுணரின் அலுவலகத்தில் ஒரு பக்கம் நெல் மூட்டை, இன்னொரு பக்கம் அம்மாவின் தையல் மிஷின். ஜன்னலைத் திறந்தால் கரும்புக் கொல்லை. அதனால் மின்னஞ்சல்களில், ‘எங்கள் அலுவலகம் பசுமையான வேளாண் நிலங்களை நோக்கி அமைந்துள்ளது’ என்று எழுதுவேன். பொய்யில்லையே?

எனக்கு வந்த முதல் பெரிய வேலை ஜெஃப்ரி ஹேசல்கோட் என்பவருடையது. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹேசல்கோட் என்பது அவருடைய குடும்பப் பெயர். இங்கிலாந்தில் அதே பெயரில் ஒரு சின்ன ஊரும் இருக்கிறது. அந்த ஊரை எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஆண்டு அனுபவித்தவர் சர் ரால்ஃப் டி ஹேசல்கோட். அந்த ரால்ஃபின் நேர் வாரிசு தான்தான் என்பது டாக்டரின் நம்பிக்கை. ரால்ஃபுக்கு எந்தெந்த ஊரில் எவ்வளவு நிலம், அது யார் வழியாக வந்தது, யாருக்குப் போனது என்று நான் தோண்டிக் கொடுக்க வேண்டும்.

தோண்டினேன். அந்தக் காலத்தில் அங்கே ஒரு பெரிய நிலக்காரர் செத்தால், அரசர் உடனே ஆள் அனுப்பிவிடுவார், அழுவதற்கு இல்லை. ஊர் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, செத்தவருக்கு எங்கே எவ்வளவு நிலம், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டு எழுதுவார்கள். இதுபோக வழக்குகள், கல்யாண ஒப்பந்தங்கள், மடத்துக்கு எழுதிவைத்த தானங்கள். இவற்றையெல்லாம் ஒட்டுப் போட்டுப் பார்த்ததில் ரால்ஃப் எனக்கு எங்கள் தெருக்காரர் மாதிரி ஆகிவிட்டார். சொத்தில் பாதி மனைவி வழியில் வந்தது. ஆற்றங்கரையில் தண்ணீர் விசையில் சுற்றுகிற மாவு மில் ஒன்று வைத்திருந்தார். அந்த ஆற்றுத் தண்ணீருக்காகப் பக்கத்து மடத்துச் சாமியார்களோடு ஆயுசுக்கும் வழக்கு.

இதையெல்லாம் என்னைவிட ஆவலாகக் கேட்டவர் என் அப்பா. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பண்டசோழநல்லூர் வரைக்கும் போய் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டுவார், நடவுக்கு வரப்பைச் செதுக்கி அண்டை கழிப்பார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் முதல் கேள்வி இதுதான்:

“இன்னாமா வாணி, இன்னிக்கு ரால்பு இன்னா பண்ணாரு?”

“மில்லுக்குத் தண்ணி விடலன்னு மடத்து மேல கேஸ் போட்டிருக்காருப்பா.”

“அங்கயும் தண்ணித் தகராறுதானா!” என்று அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். மறுநாள் காலை டீக்கடையில் இது செய்தியாகிவிடும். ஏம்பலம் டீக்கடையில் ரால்ஃபுக்கு ஆதரவாக ஒரு கட்சியும், மடத்துக்கு ஆதரவாக ஒரு கட்சியும் இருந்தன. ரால்ஃப் செத்த பதிவை நான் படித்துச் சொன்ன அன்று அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், “ஆம்பளப் புள்ள இல்லியே, கொள்ளி யாரு வெச்சது?” என்று கேட்டார்.

அதுதான் விஷயம். ரால்ஃபுக்கு மகன் இல்லை. இரண்டு மகள்கள். நிலத்தை இரண்டாகப் பங்கு போட்டார்கள், மகள்களோடு அது வேறு வேறு குடும்பங்களுக்குப் போய்விட்டது. ஹேசல்கோட் என்ற பெயரில் அந்த நிலத்துக்கு அப்புறம் வாரிசே கிடையாது. டாக்டரின் நம்பிக்கை அதோடு காலி. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, மூன்றாவது அறிக்கையில் மிக நாகரிகமாக, அடிக்குறிப்புகளோடு எழுதி அனுப்பினேன். டாக்டரிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: ‘அற்புதம்!’

என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். “வாணி, ஹேசல்கோட் சார் இந்தியாவுக்கு டூர் வர்றார். பாண்டிச்சேரியில ரெண்டு நாள் இருக்கார். உன்னைப் பார்க்கணுமாம். உன் ஆபீஸையும் பார்க்கணுமாம்.”

“ஆபீஸா?”

“நீதானே எழுதினே, வேளாண் நிலம்னு. நல்லபடியா கவனிச்சு அனுப்பு. அவர் கிளப்ல இருக்கிற எல்லாரும் வம்சம் தேடணும்னு சொல்றாங்களாம். அந்த வேலை மட்டும் வந்துச்சுன்னா உன்னை பர்மனென்ட் ஆக்கிடறேன்.”

வீட்டில் செய்தியைச் சொன்னேன். அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கிளம்பினாள். அப்பா புதுச் சட்டை வேண்டும் என்றார். அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பேனர் எத்தன அடி?”

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புது டிராக்டர் எதுவானாலும் பேனர் வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. எல்லாப் பேனரிலும் கீழ் வரிசையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அவர் நிற்பார். வில்லியனூரில் அவருக்கு வாடிக்கையான பிளக்ஸ் கடை ஒன்று உண்டு.

“நீ மேட்டர மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பு. மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார்.

அனுப்பினேன். சும்மா ‘டாக்டர் ஜெஃப்ரி, வருக வருக’ என்று அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான்தான் மூத்த நிபுணர் ஆயிற்றே! ‘சர் ரால்ஃப் டி ஹேசல்கோட் (தோற்றம்: இன்ன வருஷம், மறைவு: இன்ன வருஷம்) அவர்களின் வரலாற்றை ஆராயத் துணைநின்ற டாக்டர் ஜெஃப்ரி ஹேசல்கோட் அவர்களை ஏம்பலம் மண் வரவேற்கிறது’ என்று எழுதி, கூடவே டாக்டரின் போட்டோவையும் வைத்து அனுப்பினேன். இரண்டு வருஷங்களும் சரிதானா என்று மூன்று புத்தகங்களில் ஒத்துப் பார்த்தேன்.

குறித்த நாள் காலையில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், ஓட்டல் வாசலில் டாக்டரை ஏற்றிக்கொண்டேன். நெடுநெடு உயரம். வெயிலில் சிவந்த முகம். நாம் சிரித்தால் அவர் கண் நேராக நம் கடைவாய்ப் பல்லுக்குப் போகும். வழியெல்லாம் குழந்தை மாதிரி சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். (அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் பேசியதும் ஆங்கிலம்தான் என்று அன்று நம்பினேன்.)

ஏம்பலம் நெருங்கியபோது ரோட்டோரம் ஒரு பெரிய பேனர் தெரிந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. ஐயோ பாவம், ஊரில் யாரோ தவறிவிட்டார்கள், இந்த நல்ல நாளிலா என்று நினைத்துக்கொண்டேன். கார் இன்னும் கொஞ்சம் கிட்டே போனது. பேனரில் இருந்த முகமும் என் பக்கத்து சீட்டில் இருந்த முகமும் ஒரே முகம். பக்கத்து சீட்டில் இருந்ததற்குக் கொஞ்சம் வேர்த்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டிரைவர் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னா மேடம், சாவு வூட்டுக்கா போறோம்?” என்றார், டாக்டரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தபடி.

டாக்டர் துள்ளினார். “நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! அது நான்தானே?”

“ஆமாம்” என்றேன். மறுக்க முடியாத சரித்திர ஆதாரம்.

இறங்கிப்போய் பேனர் முன்னால் நின்றார். மேகங்களுக்கு நடுவில் அவர் முகம். இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா. கீழே குத்துவிளக்கு. போட்டோவைச் சுற்றி ரோஜா மாலை. ‘சர் ஜெபரி (வயது 70). மறைவு: நேற்று.’ அதற்கும் கீழே, ‘பிரிவால் வாடும்’ என்று போட்டு வரிசையாக எங்கள் குடும்பம். கூலிங் கிளாஸோடு மாமா. கல்லூரி அடையாள அட்டைப் போட்டோவில் திருதிருவென்று நான்.

“நான் ஏன் மேகத்தில் இருக்கிறேன்?” என்று கேட்டார் டாக்டர்.

“விமானத்தில் வந்தீர்கள் அல்லவா?” என்றேன்.

“அழகான கற்பனை! மேலே என்ன எழுதியிருக்கிறது?”

“கண்ணீரோடு... அதாவது ஆனந்தக் கண்ணீரோடு... வரவேற்கிறோம்.”

டாக்டர் மாரில் கை வைத்துக்கொண்டார். டிரைவரிடம் போனைக் கொடுத்து, தன் கண்ணீர் அஞ்சலிக்கு முன்னால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தச் சந்தில் நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மாமா, பேனர்ல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சியா இல்லியா?”

“ஏன், சூப்பராதான வந்துகீது?”

“படிச்சியா?”

“எம் போட்டோ பாத்தேன். கண்ணாடி சும்மா ஜம்முனு கீது.”

“மேல இருக்கறதப் படி மாமா!”

மாமா ஊர்க்கோடியில் இருந்த இன்னொரு பேனர் பக்கம் நடந்தார். (ஆம், இரண்டு பேனர்.) எழுத்துக் கூட்டிப் படிப்பது போனில் கேட்டது. பிறகு, “கண்ணீர்னு இருக்குது” என்றார் மெல்ல.

“அடுத்த வார்த்த?”

“அதையும் படிக்கணுமா?”

பிளக்ஸ் கடைக்காரரிடம் மாமா பிறகு சண்டைக்குப் போனபோது அவர் அசரவில்லையாம். “தோற்றம், மறைவுன்னு மேட்டர் வந்தா நான் வேற இன்னா டிசைன்ணா போடறது? எழுத்து ஜாஸ்தியா இருந்துச்சு, நடுவுல கொஞ்சம் கொறச்சேன். ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம்னு வருசம் போட்டிருந்துது, அப்படி யாருனா பொறப்பாங்களா? டைப்பிங் மிஷ்டேக்குன்னு நானே போட்டோவப் பாத்து வயசப் போட்டேன். அர்ஜன்ட்டுன்னு சொன்னீங்க. அர்ஜன்ட்டுன்னா நேத்துதான செத்திருக்கணும்?” எந்த இடத்திலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, ஊருக்குள் போவோம், மேளச் சத்தத்தில் பேனரை மறக்கடித்துவிடலாம் என்று நினைத்தேன். மாமா மேளத்துக்கும் சொல்லியிருந்தார். மேளக்காரர்கள் பேனரைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியாதா? கார் எங்கள் தெருவில் திரும்பியதும் சாவு மேளம் எடுத்தார்கள் பாருங்கள், செத்தவனே எழுந்து ஆடுகிற அடி.

ஆடினார். டாக்டர் காரை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார். தன் சாவுக்குத் தானே இவ்வளவு நன்றாக ஆடிய மனிதரை நம் வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மேளக்காரர்கள் அடியை நிறுத்தாமல் பேனர் இருந்த திசையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் தெருப் பெண்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்க உட்கார்ந்திருந்தார்கள். ‘பிரிவால் வாடும்’ என்று எங்கள் குடும்பத்தைத்தானே போட்டிருந்தது? வெள்ளைக்காரரைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்து அம்மா அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். அவர்களுக்கு நடுவில் எதிர் வீட்டு அஞ்சலை அத்தை. ஒப்பாரி வைப்பதில் அத்தையை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பாகூரிலிருந்துகூட வந்து கூட்டிப்போவார்கள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக இருந்த அத்தை, டாக்டரைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

“இன்னாடி வாணி இது? செத்தவரு கார்ல வந்து எறங்குறாரு?”

“ஐயோ அத்த, செத்தது இவரு இல்ல. அது வேற ஆளு... ரால்பு. மொகம் அதே ஜாடை.”

“நம்ம ரால்பா? டீக்கட ரால்பா?” அத்தைக்கும் ரால்ஃபைத் தெரியும். “அவரு எப்ப செத்தாரு?”

“எழுநூறு வருசம் ஆவுது.”

“எழுநூறு வருசம் கழிச்சி இன்னிக்கு இன்னாடி?”

வேறு வழி தெரியவில்லை. “கருமாதி” என்றேன்.

“இத்தன லேட்டாவா?”

“அவங்க ஊர்ல அப்படித்தான் அத்த.”

அத்தை ஒரு கணம் யோசித்தார். வந்தது வந்தாயிற்று. டாக்டரின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆரம்பித்துவிட்டார்:

“ஆத்தங்கர மில்லு வெச்ச ஐயாவே, நீ
அரச்ச மாவு ஆறலியே ஐயாவே!
ரெண்டு பொண்ணு பெத்தெடுத்த ராசாவே, ஒனக்குக்
கொள்ளி வெக்க ஆணில்லியே ராசாவே!”

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே உருகியது. டாக்டரின் கண்களும் கலங்கிவிட்டன. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, “சர் ரால்ஃபுக்காகவா அழுகிறார்கள்? எங்கள் நாட்டில் அவருக்காக யாருமே அழுததில்லை. என்ன பாடுகிறார் இந்த அம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

இங்கேதான் எனக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. பாட்டில் இருந்த தகவல்கள் அத்தனையும் சரி! ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெருமை உண்டா? பூரிப்போடு மொழிபெயர்த்தேன். “மில்லைப் பற்றிப் பாடுகிறார். அவருக்கு இரண்டு மகள்கள் என்றும், சிதைக்கு நெருப்பு வைக்க மகன் இல்லையே என்றும்...”

“மகன் இல்லையா?”

“இல்லையே.”

“மகன் இல்லாமல் நான் எப்படி?”

மேளம் நின்றிருந்தது. அத்தையும் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்.

“மூன்றாவது அறிக்கையில் எழுதியிருந்தேனே டாக்டர்? நீங்கள்கூட ‘அற்புதம்’ என்று...”

டாக்டரின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. “முதல் அறிக்கையைப் படித்தேன்” என்றார். “அதில் முதல் பக்கத்தை. மற்றவை அழகாக பைண்டு செய்து வந்திருந்தன. குளிர்காலத்தில் சாவகாசமாகப் படிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.”

அவரை உள்ளே கூட்டிப்போனோம். அம்மா வாழையிலை போட்டு மீன் குழம்பும் வறுவலும் பரிமாறினாள். அவர் இலையைப் பார்த்தபடியே இருந்தார். ஹேசல்கோட் ஊர் தேவாலயத்தில் ரால்ஃபின் பெயரும், அதற்குக் கீழே வாரிசு என்று தன் பெயரும் பொறித்த ஒரு கல் பதிக்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், கல்லே செதுக்கியாகிவிட்டது என்றும் மெதுவாகச் சொன்னார். பர்மனென்ட் வேலை ஜன்னல் வழியாகக் கரும்புக் கொல்லைக்குள் இறங்கிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

“அப்படியானால் என் பெயர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்.

சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களையும் வெளியூரில் ஊர் பெயரால்தான் கூப்பிட்டார்கள். ரால்ஃபுக்கு வேறு ஊரில் இருந்த பண்ணையின் பஞ்சாயத்துப் பதிவில் ‘ஹேசல்கோட் ஜான்’ என்று ஒருவன் இருக்கிறான். பண்ணையாரின் வயலில் பன்றியை மேயவிட்டதற்காக அபராதம் போட்டிருக்கிறார்கள். ஒருவேளை அவனாக இருக்கலாம்; நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதையெல்லாம் என்னால் முடிந்த அளவு மென்மையாகச் சொன்னேன். பன்றியைப் பற்றி மென்மையாகச் சொல்வது கடினம்.

டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். அவ்வளவு உயரமான மனிதர் அந்தப் பலகையில் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா என் காதில் கேட்டார்: “இன்னாவாம்? ஏன் சாப்புட மாட்றாரு?”

விஷயத்தைச் சொன்னேன். அப்பா புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். குழம்புச் சட்டியை அம்மாவிடமிருந்து வாங்கி, டாக்டர் இலையில் ஒரு பெரிய துண்டு மீனைப் போட்டார். “அப்ப இவரு ரால்பு வூட்டு ஆளு இல்ல. ரால்பு கொல்லையில வேல செஞ்ச ஆளு. நம்மாளும்மா இவரு! பங்காளி இல்லன்னா தீட்டும் இல்ல. நல்லா சாப்புடச் சொல்லு.”

மொழிபெயர்த்தேன். டாக்டர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். ஊரில் ஒரு ஐரோப்பியர் செத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மரியாதை செய்ய வேண்டியது தன் கடமை என்று, பீரோவிலிருந்து கோட்டை எடுத்து மாட்டி, மெடல்களை எல்லாம் குத்திக்கொண்டு, கையில் ஒரு மலர் வளையத்தோடு வந்துவிட்டார். வாசற்படியில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகு, பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் டாக்டரிடம் கேட்டார்:

“ஆழ்ந்த அனுதாபங்கள், முசியே. உடல் எங்கே?”

“யாருடைய உடல்?”

“பேனரில் இருக்கிறவருடைய உடல்.”

“பேனரில் இருப்பது நான்.”

சொல்தா மாமா சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். திரும்பி, தெருவில் வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பட்டாளத்து ஆளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“அப்படியென்றால், முசியே, நீங்கள் நேற்றுக் காலமாகிவிட்டீர்கள். எழுத்தில் இருக்கிறது.” சொல்லிவிட்டு மலர் வளையத்தை டாக்டரின் கையிலேயே கொடுத்தார். “இது உங்களுக்குத்தான் வாங்கினேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “ஆனந்தக் கண்ணீர்?” என்றார்.

“இல்லை” என்றேன். “வெறும் கண்ணீர்.”

“புறாக்கள்?”

“ஆன்மா பறந்து போகிறது.”

“மேகம் நான் விமானத்தில் வந்ததற்காக இல்லை.”

“இல்லை.”

மடியில் மலர் வளையம், முன்னால் மீன் குழம்பு. டாக்டரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று நினைத்து அஞ்சலை அத்தை வாசலிலிருந்து ஓடி வந்தார். அழவில்லை. சத்தமே இல்லாமல் சிரித்தார், பிறகு சத்தமாக, பிறகு புரையேறி, அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்கும் வரைக்கும் சிரித்தார். “காலையில் எனக்கு ஒரு பண்ணை இருந்தது” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மத்தியானம் ஒரு பன்றி மட்டும் மிஞ்சியது. இப்போது பார்த்தால் நானே இல்லை.”

அப்புறம் சாப்பிட்டார். செத்த மனிதர் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது பேனரைக் கழற்றி மடித்துக் காரில் வைத்துத் தரச் சொன்னார். மாமாவுக்கு ஒரே பெருமை. இங்கிலாந்தில் இப்போது அது அவர் வீட்டு மாடிப்படிச் சுவரில் தொங்குகிறது, கூலிங் கிளாஸ் மாமாவோடு சேர்த்து.

கம்பெனிக்கு அவர் எழுதிய பாராட்டுக் குறிப்பில், ‘உயிரோடு இருந்த காலத்தில்கூட எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை’ என்று இருந்தது. மேனேஜர் அதை அர்த்தம் புரியாமலேயே இணையப் பக்கத்தில் போட்டார். கிளப்பிலிருந்து வேலையும் வந்தது, நான் பர்மனென்டும் ஆனேன். டாக்டர் அந்தக் கல்லை என்ன செய்தார் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. ஆனால் பன்றி மேய்த்த ஜானைத் தேடச் சொன்னார். ரால்ஃபுக்குக் கட்டுக் கட்டாக இருந்த பதிவு ஜானுக்கு இல்லை. அபராதம் கட்டும்போதெல்லாம் தலைகாட்டுவான், மற்ற நாளில் இருக்கவே மாட்டான். நிலம் இல்லாதவன் தப்புச் செய்தால்தான் ஏட்டில் பெயர் வரும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அதான் நம்மளப் பத்தி எங்கயும் எழுதல” என்றார் அப்பா. “நம்ம ஆளுங்க தப்பே பண்ணலியே.”

இன்றும் டாக்டர் மாதம் ஒருமுறை எங்கள் எல்லாரோடும் பேசுவார். அம்மாவுக்கு ஜெஃப்ரி என்ற பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் தன் போனில் அவர் நம்பரை அவளுக்குப் புரிகிற மாதிரி சேமித்து வைத்துக்கொண்டாள். போன வாரம் நானும் அவளும் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம். அம்மாவின் போன் அடித்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று போனை என்னிடம் நீட்டி, “யாருன்னு பாரு” என்றாள்.

“அவருதாம்மா” என்றேன்.

“எவரு? செத்துப்போனாரே, அந்த வெள்ளக்காரரா?” என்றாள் அம்மா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. “எடுத்துப் பேசு, பாவம். போன வாட்டி முட்டி வலிக்குதுன்னாரு, இப்ப எப்படி கீதுன்னு கேளு.”

எங்கள் சீட்டில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய், அவ்வளவு கூட்டத்திலும் முன்னால் நின்றுகொண்டார். வில்லியனூர் வரைக்கும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.